உறைந்த இரவும் உறையாத இரவும்: ஈரப்பனியை வாசிக்கக் கற்ற வரலாறு

1916 டிசம்பர் 13 அன்று விடியற்காலை ஐந்தரை மணி அளவில், டோலமைட் மலைத்தொடரின் மர்மோலாடாவில், கிரான் போஸ் முகட்டின் அடியில் அமைந்திருந்த ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் மரப்பாசறைமீது பெரும் பனிச்சரிவு ஒன்று விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த வீரருள் ஏறத்தாழ 270 பேர் இறந்தனர். இத்தாலியப் பீரங்கிகளின் குண்டு எட்டாத இடம் என்பதாலேயே பாசறை அங்கே கட்டப்பட்டிருந்தது. பகைவரிடமிருந்து காத்த அதே செங்குத்துச் சுவரின் மேல்தான் பனி நாள்தோறும் ஏறிக்கொண்டிருந்தது. பாசறைப் பொறுப்பில் இருந்த கேப்டன் ருடால்ஃப் ஷ்மிட் ஆபத்தை உணர்ந்து, படையை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என மேலிடத்துக்கு எழுதினார். அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை.

அந்த நிகழ்வு பின்னாளில் 'வெள்ளை வெள்ளி' என்ற பெயரில் நினைவுகூரப்பட்டது. 1916 டிசம்பர் 13 உண்மையில் புதன்கிழமை. பெயர் பிழைபட்டிருப்பினும், நிகழ்வின் காரணங்கள் இன்று ஓரளவு தெளிவாகியுள்ளன. அக்காலத்து வானிலைத் தரவுகளைக் கொண்டு அந்நாட்களை மீட்டுருவாக்கிய ஆய்வுகள் இரண்டு காரணங்களைச் சுட்டுகின்றன. ஒரு வாரத்துக்கும் மேலாகப் பெய்த கடும்பனி முதலாவது. அதன் இறுதியில் தெற்கிலிருந்து வந்த வெதுவெதுப்பான, ஈரம் மிகுந்த காற்று இரண்டாவது. அக்காற்றினால் வெப்பநிலை விரைந்து உயர்ந்தது. பனியாகப் பெய்தது தாழ்ந்த சரிவுகளில் மழையாக மாறியது.

இங்கே ஒரு புதிர் உண்டு. பனிமலைப் பயணிகளிடையே இன்றும் வழங்கும் எளிய விதி, 'காலை பாதுகாப்பானது. பிற்பகல் ஆபத்தானது' என்பதாகும். கிரான் போஸ் சரிவு வீழ்ந்ததோ சூரியன் எழும் முன்னர். அவ்விதி பொய்யா? பொய்யன்று, ஆனால் அது ஒரு நீண்ட விதியின் சுருக்கம். அச்சுருக்கத்தில் விடுபட்டது இரவு. காலை பாதுகாப்பாவது அதற்கு முந்தைய இரவு பனியை உறைய வைத்திருந்தால் மட்டுமே. இந்த ஒற்றை நிபந்தனையை முறையாக அறிந்துகொள்ள ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. அந்த நூற்றாண்டின் கதையே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழில் 'பனி' என்பது புல்நுனியில் நிற்கும் துளியையும், மார்கழி விடியலின் மூடுபடலத்தையும், இமயத்தின் வெண்மையையும் ஒருங்கே குறிக்கும். இங்கே அச்சொல் வானிலிருந்து படிகங்களாகப் பெய்து தரையில் அடுக்கடுக்காகப் படியும் வெண்பனியை மட்டும் குறிக்கிறது. அதன் துகள்களுக்கிடையே நீர் திரவ நிலையில் இருக்குமாயின் அது ஈரப்பனி. பனிக்கட்டி என்பது இறுகிய திண்மம், அது வேறு.

1. இடத்தை அறிந்தவர்கள்

ஆல்ப்ஸ் மலையூர்களுக்குப் பனிச்சரிவு புதிதன்று. சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட் ஊருக்கு மேலுள்ள காட்டில் மரம் வெட்டுவதை 1397ஆம் ஆண்டின் சாசனம் ஒன்று தடை செய்தது. ஊரைப் பனிச்சரிவிலிருந்து காப்பது அக்காடு என்பதை அம்மக்கள் அப்போதே அறிந்திருந்தனர். சரிவுகளை அவர்கள் இருவகையாகப் பிரித்தனர். நடுக்குளிர்காலத்தில் புழுதிமேகம்போல் எழுந்து வருவது 'தூசிச் சரிவு'. வேனில் தொடங்கும்போது மண்ணையும் கல்லையும் வேரையும் வாரிக்கொண்டு கனத்து இறங்குவது 'தரைச் சரிவு'. பின்னதே பெரும்பாலும் ஈரப்பனியின் சரிவு.

இவ்வூர் அறிவைத் தொகுத்து அறிவியல் வடிவம் தந்தவர் யோஹான் கோவாஸ் (1822-1918). காட்டுத்துறை அதிகாரியான அவர் 1850இல் பிட்ஸ் பெர்னினா சிகரத்தை முதன்முதலாக ஏறியவர்களுள் ஒருவர். பின்னர் சுவிஸ் கூட்டாட்சியின் தலைமைக் காட்டுக் கண்காணிப்பாளர் ஆனார். சுவிஸ் ஆல்ப்ஸின் பனிச்சரிவுகள் பற்றிய அவரது நூல் 1881இல் வெளிவந்தது. அவற்றின் புள்ளிவிவரங்களும் தடுப்புக் கட்டுமானங்களும் அடங்கிய பெருந்தொகுப்பை 1910இல் வெளியிட்டார். எந்தப் பள்ளத்தில் எந்தச் சரிவு வருகிறது, எத்துணை அடிக்கடி வருகிறது, எங்கே வந்து நிற்கிறது என்று காட்டுக்காவலர்களின் துணையுடன் அவர் பதிவு செய்தார்.

இவ்வறிவின் இயல்பு நோக்கத்தக்கது. அது இடத்தைப் பற்றிய அறிவு. 'எங்கே?' என்ற கேள்விக்கு அது துல்லியமாக விடை தரும், 'எந்தப் பருவத்தில்?' என்பதற்கு ஓரளவு தரும். வீடு கட்டவும், மாடு மேய்க்கவும், பாதை அமைக்கவும் அதுவே போதுமானதாக இருந்தது. வேனிலில் தரைச் சரிவு இறங்கும் பள்ளத்தை உழவன் அணுகமாட்டான். அது இறங்கி முடிந்த பின்னரே அங்கு போவான். 'இந்தச் சரிவில், இன்று, இந்த மணி நேரத்தில்?' என்ற கேள்வி அவனுக்கு அரிதாகவே எழுந்தது. அக்கேள்வியைத் தினமும் கேட்கவேண்டிய புதிய மனிதன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலைக்கு வந்தான்.

2. ஸ்கீயுடன் வந்தவர்கள்

நார்வேயிலிருந்து வந்த ஸ்கீ, ஆல்ப்ஸின் குளிர்காலத்தைத் திறந்துவிட்டது. 1897 ஜனவரியில் ஜெர்மானிய நிலவியலாளர் வில்ஹெல்ம் பால்கே தோழர்களுடன் பெர்ன் மேல்நிலத்துப் பனியாறுகளை ஸ்கீயில் கடந்தார். அதே ஆண்டுகளில் ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்டில் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி செங்குத்துச் சரிவுகளுக்கு ஏற்ற சறுக்கு முறையை உருவாக்கினார். ஊரார் ஒதுக்கி வைத்த சரிவுகளே இவர்கள் விரும்பிச் சென்ற சரிவுகளாயின. உழவனின் தடைப்பட்டியலும் ஸ்கீ பயணியின் விருப்பப் பட்டியலும் ஒன்றாகவே இருந்தன.

ஸ்டார்ஸ்கியே 1916இல், கரிந்தியாவில் இராணுவத்தின் மலைப்பணியில் இருந்தபோது, பனிச்சரிவில் சிக்கினார். உடலில் எண்பது அளவிலான எலும்பு முறிவுகளுடன் உயிர் பிழைத்தார். 1929இல் பனிச்சரிவு பற்றி அவர் எழுதி வெளியிட்ட நூல், நசுங்கிய உடலிலிருந்து எழுந்த அறிவு எனலாம். பால்கே பனியின் அடுக்குகளை வெட்டிப் பார்த்து, அடியில் உருவாகும் சர்க்கரை போன்ற பிணைப்பற்ற படிகங்களே பல சரிவுகளுக்கு மூலம் எனக் காட்டினார். ஆங்கிலேயரான ஜெரால்ட் செலிக்மன் 1936இல் பனியின் கட்டமைப்பையும் ஸ்கீ நிலங்களையும் இணைத்து விரிவான நூல் ஒன்றை எழுதினார். இவர்கள் அனைவரும் பயணத்தையும் ஆய்வையும் ஒருங்கே செய்தவர்கள். காலடியில் பனி எழுப்பும் ஒலி, ஸ்கீயின் கீழ் அது நசுங்கும் விதம், கையில் உருட்டினால் உருண்டையாகிறதா என்பது ஆகியவையே இவர்களின் முதற்கருவிகள்.

சுவிட்சர்லாந்தில் 1931இல் பனி, பனிச்சரிவு ஆய்வுக்கென ஒரு குழு அமைக்கப்பட்டது. 1936இல் டாவோஸ் நகருக்கு மேலே வைஸ்ஃபிளூயோக்கில் பனியைக் கொண்டே ஒரு சிறு ஆய்வகம் கட்டப்பட்டது. மண் பொறியாளர் ராபர்ட் ஹேஃபெலி, படிகவியல் பயின்ற ஹென்றி பேடர் முதலியோர் அங்கு பணிபுரிந்தனர். பனியும் அதன் உருமாற்றமும் பற்றிய அவர்களின் கூட்டு நூல் 1939இல் வெளிவந்தது. தரையில் படிந்த பின் பனி அசைவற்றுக் கிடப்பதில்லை. அதன் படிகங்கள் வெப்பநிலை வேறுபாட்டால் இடைவிடாது மாறிக்கொண்டே இருக்கின்றன என்பதே அந்நூலின் அடிப்படைக் கண்டுபிடிப்பு. 1942இல் அது முறையான கூட்டாட்சி நிறுவனமாயிற்று. போர்க்காலத்தில் இராணுவத்திடம் இருந்த எச்சரிக்கைப் பணி 1945இல் அதன் கைக்கு வந்தது. 1950-51 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேர் பனிச்சரிவுகளால் இறந்த பின், தடுப்புக் கட்டுமானங்களும் ஆய்வும் வேகம் பெற்றன.

ஆயினும் இந்த அறிவியலின் மையத்தில் இருந்தது உலர்பனியே. அதற்குத் தக்க காரணம் உண்டு. இறுகிய ஒரு படலம், அதன் கீழ் ஒரு நொய்ந்த அடுக்கு, மேலே ஒரு மனிதனின் எடை: நொய்ந்த அடுக்கில் தோன்றும் விரிசல் நொடியில் பரவ, படலம் முழுவதும் பலகைபோல் கழன்று இறங்கும். ஸ்கீ பயணியரைக் கொல்வது பெரும்பாலும் இந்த உலர் பலகைச் சரிவு. அதைத் தூண்டுபவரும் பெரும்பாலும் இறந்தவரோ அவர்தம் குழுவினரோதான். எனவே சோதனைகளும் அதற்கென உருவாயின. பனியை நாற்புறமும் வெட்டித் தனிக்கட்டையாக்கி, அதன்மேல் ஸ்கீயுடன் படிப்படியாக எடை ஏற்றி, எந்தப் படியில் கழல்கிறது என்று பார்க்கும் சறுக்குக்கட்டைச் சோதனை 1960களில் சுவிஸ் இராணுவத்தில் தோன்றியது.

ஈரப்பனியிடம் இச்சோதனைகள் தோற்றன. ஈரப்பனிச் சரிவு பெரும்பாலும் மனிதனின் எடைக்காகக் காத்திருப்பதில்லை, தானாகவே இறங்குகிறது. காலையில் செய்த சோதனை நண்பகலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. உலர்பனியில் 'நான் ஏறினால் தாங்குமா?' என்பது கேள்வி. ஈரப்பனியிலோ 'இன்னும் எத்தனை நேரம் தாங்கும்?' என்பதே கேள்வி.

3. வெப்பமானியால் சொல்ல முடியாதது

ஈரப்பனியின் இயற்பியலை ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். ஒரு கிலோ பனிக்கட்டியின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியசு உயர்த்த ஏறத்தாழ 2.1 கிலோஜூல் வெப்பம் போதும். அதே ஒரு கிலோவைப் பூச்சியம் டிகிரியில் உருக்கி நீராக்க 334 கிலோஜூல் வேண்டும். அதாவது ஏறத்தாழ 160 மடங்கு. கழித்தல் பத்து டிகிரியில் உள்ள பனி 21 கிலோஜூலில் பூச்சியத்தை எட்டிவிடும். அதன் பின் வரும் வெப்பம் முழுவதும் உருகுதலுக்கே செலவாகும், வெப்பநிலை அசையாது.

இதன் விளைவு முக்கியமானது. பனியில் நீர் நூற்றுக்கு ஒரு பங்கு இருப்பினும் வெப்பமானி பூச்சியம் காட்டும். பத்துப் பங்கு இருப்பினும் பூச்சியமே காட்டும். ஆபத்து மாறிக்கொண்டிருக்கும் எல்லை முழுவதிலும் கருவி ஒரே எண்ணைச் சொல்கிறது. உலர்பனி ஆய்வில் தலைமைக் கருவியாக இருந்த வெப்பமானி ஈரப்பனி தொடங்கியதும் ஊமையாகிறது. நீரின் மின்பண்பு பனிக்கட்டியின் மின்பண்பிலிருந்து பெரிதும் வேறுபடுவதைப் பயன்படுத்தி நீர்ச்செறிவை அளக்கும் கருவிகள் பின்னர் வந்தன. அவை ஆய்வாளரின் பைக்கு உரியவை; பயணியின் பைக்கு உரியவையாகவில்லை.

அமெரிக்க இராணுவத்தின் குளிர்நில ஆய்வகத்தில் சாமுவேல் கோல்பெக் 1970களில் வெளியிட்ட ஆய்வுகள், பனிக்குள் நீர் எவ்வாறு ஊடுருவுகிறது, துகள்களை எவ்வாறு மாற்றுகிறது என்பதற்குக் கோட்பாட்டு அடித்தளம் இட்டன. அவற்றின் சாரம் ஒரு முரண். சிறிதளவு நீர் பனியை இறுக்கும். மிகுதியான நீர் அதைக் குலைக்கும். நீர் குறைவாக இருக்கும்போது அது துகள்கள் ஒன்றையொன்று தொடும் மூலைகளில் மட்டும் நின்று, பரப்பு இழுவிசையால் அவற்றை இழுத்துப் பிடிக்கும். ஈரமணலில் குழந்தைகள் கட்டும் வீடு நிற்பதும் இதே விசையால்தான். நீர் மிகும்போது துளைகள் நிரம்பி ஒன்றோடொன்று இணையும், இழுவிசை தளரும், துகள்களுக்கிடையே இருந்த உறைந்த பிணைப்புகள் கரையும். அலை வந்து தொட்ட மணல்வீட்டின் நிலை அதுவே.

இந்த வேறுபாட்டை வயலிலேயே அறிய ஒரு முறை வகுக்கப்பட்டது. 1954இல் வெளிவந்து, 1990இலும் 2009இலும் திருத்தப்பட்ட பன்னாட்டுப் பனி வகைப்பாடு, ஈரத்தை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. கையில் அழுத்தினால் ஒட்டாதது உலர்பனி. உருண்டையாக ஒட்டுவது, ஆனால் நீர் கண்ணுக்குத் தெரியாதது, ஈரம் தட்டிய பனி. இதில் நீர் கன அளவில் 3 விழுக்காடு வரை. பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடியில் துகள்களுக்கிடையே நீர் தெரிந்தும், மிதமாகப் பிழிந்தால் வடியாதது ஈரப்பனி. 3 முதல் 8 விழுக்காடு. பிழிந்தால் நீர் வடிவது மிக ஈரமானது. 8 முதல் 15 விழுக்காடு. அதற்கும் மேற்பட்டது கூழ்.

பன்னாட்டு அறிவியல் அமைப்புகள் பல பதிற்றாண்டுகள் கூடி எழுதிய வகைப்பாட்டின் முதன்மைக் கருவி மனிதனின் உள்ளங்கை என்பது வியப்பளிக்கலாம். செலிக்மன் தலைமுறையின் கைப்பழக்கம் இங்கே மறையவில்லை. கை எதைச் சொல்கிறது என்பதற்கு எண் ஒன்று கிடைத்தது, அவ்வளவே.

நீர் எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். மேற்பரப்பில் உருகிய நீர் சீராகக் கீழிறங்குவதில்லை. நுண்துகள் அடுக்கின் கீழ்ப் பருந்துகள் அடுக்கு இருக்குமாயின், நுண்துளைகள் நீரைத் தம்மிடமே பிடித்துவைத்துக்கொள்ளும். எல்லையில் நீர் தேங்கும். பழைய உறைமேலோடுகளும் நீரைத் தடுக்கும். அத்தேக்கமே பின்னர் சறுக்குத் தளமாகும். அதனால்தான் ஒரு பருவத்தில் நீர் முதன்முறையாக ஆழ்ந்த அடுக்குகளை எட்டும் நாட்கள் மிக ஆபத்தானவை. குளிர்காலம் முழுவதும் உலர்வாக இருந்து நொய்ந்துபோன அடுக்குகள் அப்போதுதான் முதன்முதலாக நனைகின்றன. பலமுறை நனைந்து உறைந்த பின், அடுக்கு வேறுபாடுகள் மறைந்து, நீர் தங்காமல் வடியும் வழிகள் அமைந்துவிடுகின்றன. வேனிலின் இறுதிப் பனி அதன் தொடக்கப் பனியைவிடப் பெரும்பாலும் நம்பத்தக்கது என்னும் அனுபவக் கூற்றின் விளக்கம் இது.

4. இரவின் கணக்கு

மேற்பரப்பு நீர் மீண்டும் உறைய, அது பகலில் பெற்ற உள்ளுறை வெப்பத்தை இழக்கவேண்டும். இழப்பின் தலையாய வழி வானம். நம் கண்ணுக்குப் பனி வெண்மையானது. புதுப்பனி சூரிய ஒளியில் 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். கண்ணுக்குப் புலப்படாத நீளலை வெப்பக் கதிர்வீச்சிலோ அது ஏறத்தாழ முழுக் கரும்பொருள்போல் நடந்துகொள்கிறது; தன் வெப்பத்தைத் தடையின்றி வெளியிடுகிறது. வானம் தெளிந்திருந்தால் அவ்வெப்பம் விண்வெளிக்குப் போய்விடும். காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்குச் சற்று மேலே இருக்கும் இரவிலும், தெளிந்த வானின் கீழ், பனியின் மேற்பரப்பு உறைந்து வன்மேலோடு ஆகும். மேகம் மூடினால், வெளியான வெப்பத்தின் பெரும்பகுதி மேகத்திலிருந்து திரும்பி வரும், பனி உறையாது.

ஆகவே ஸ்கீ பயணியின் மதிப்பீடு மாலையில் வானத்தைப் பார்ப்பதில் தொடங்குகிறது. சாமோனியிலிருந்து செர்மாட் வரையிலான 'மேல்வழி' போன்ற வேனிற்பயணங்களில் விடியுமுன் விளக்குடன் புறப்படும் வழக்கம் இந்தக் கணக்கின் மேல் எழுந்தது. புறப்பட்டதும் முதல் சோதனை, ஸ்கீயைக் கழற்றி நிற்பது. மேலோடு ஆளைத் தாங்கினால் இரவு தன் வேலையைச் செய்திருக்கிறது. மெல்லிய ஓடு உடைந்து கால் முழங்கால்வரை அமிழ்ந்தால், மணி என்னவாயினும் அந்தக் காலை காலையன்று. நேற்றைய பிற்பகலின் தொடர்ச்சி.

மேலோடு இருப்பினும் அது கடனே. சூரியன் முதலில் கிழக்குமுகச் சரிவுகளையும், பின்னர் தெற்கையும், அதன் பின் மேற்கையும் தொடும். கடன் அவ்வரிசையில் தீர்க்கப்படும். பாறைகளின் ஓரத்திலிருந்து சிறு பனி உருளைகள் சக்கரம்போல் சுருண்டு இறங்குவது முதல் அறிவிப்பு. புள்ளியொன்றில் தொடங்கி விசிறிபோல் விரியும் உதிரிச் சரிவுகள் இரண்டாவது. காலடி கணுக்காலுக்கு மேல் புதைவது மூன்றாவது. அனுபவமுள்ளோர் முதல் அறிவிப்பிலேயே சரிவை விட்டு விலகுவர். மேலிருந்து தானாக இறங்கும் சரிவு கீழே நிற்பவனின் திறமையைக் கேட்பதில்லை என்பதை அவர்கள் அறிவர்.

மழை இவ்வொழுங்கை முற்றிலும் குலைக்கும். குளிர்ந்த பனிமேல் பெய்த மழைநீர் உள்ளே உறையும்போது தன் உள்ளுறை வெப்பத்தை அங்கே விட்டுவிடுகிறது. ஒரு கிலோ நீர் உறைவதால் வெளிப்படும் வெப்பம் 160 கிலோ பனியை ஒரு டிகிரி சூடாக்கப் போதுமானது. உறைதலே பனியைச் சூடாக்குகிறது. அத்துடன் மழைநீரின் எடையும் சேர்கிறது. மழைக்கு இரவு, பகல், கிழக்கு, மேற்கு என்ற வேறுபாடு இல்லை. கிரான் போஸ் புதிரின் விடை இங்கே கிடைக்கிறது. 1916இன் அந்த இரவில் மேகமும் வெதுவெதுப்பான காற்றும் இருந்தன. பனி உறைந்து இறுகுவதற்கான வாய்ப்பு மறுக்கப்பட்டிருந்தது. அந்த விடியலை 'காலை' என்று கொள்ளப் பனியியல் இடம் தராது.

நிறுவனங்களும் இந்தக் காலக்கணக்கைத் தம் அறிக்கைகளில் ஏற்றன. 1993இல் ஐரோப்பிய நாடுகள் ஐந்து படிநிலை கொண்ட பொதுவான ஆபத்து அளவீட்டை ஏற்றுக்கொண்டன. வேனிற்காலத்தில், நாள் ஏற ஏற ஆபத்துப் படி உயரும் என்பதைத் தனியே குறிக்கும் வழக்கம் வந்தது. சுவிஸ் வழிகாட்டி வெர்னர் முன்டர் 1990களில் வகுத்த எண்வழி இடர்க்கணிப்பு முறை, பனிக்குழி வெட்டாமலேயே முடிவெடுக்கப் பயணியருக்கு உதவியது. ஆயினும் அதன் அடித்தளம் உலர் பலகைச் சரிவு விபத்துகளே. ஈரப்பனிக்கு வந்தபோது, எண்ணைவிடக் கடிகாரமும் வானமுமே வழிகாட்டிகளாக நீடித்தன.

5. இமயத்தின் சூரியன்

ஆல்ப்ஸில் உருவான இந்தக் காலக்கணக்கை இமயத்துக்கு அப்படியே கொண்டுவர முடியுமா? நிலநேர்க்கோடு இடம் தராது. டாவோஸ் ஏறத்தாழ 46.8 பாகை வடக்கில் உள்ளது; குல்மார்க் 34 பாகையில். சமஇரவு நாளன்று நண்பகலில் டாவோசில் சூரியன் அடிவானிலிருந்து 43 பாகை உயரத்தில் நிற்கும். குல்மார்கில் 56 பாகை. வேறு விதமாகச் சொன்னால், டாவோஸ் மார்ச் 20 வாக்கில் காணும் நண்பகல் சூரிய உயரத்தைக் குல்மார்க் பிப்ரவரி நடுவிலேயே கண்டுவிடுகிறது. ஆல்ப்ஸ் நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு பிப்ரவரியை 'நடுக்குளிர்காலம்' என்று கொள்ளும் பயணி, அப்ஹர்வாட்டின் தெற்குமுகச் சரிவுகளில் ஒரு மாதம் பின்தங்கிய நாட்காட்டியுடன் நிற்கிறான்.

இந்தியாவில் இவ்வறிவு ஸ்கீ பயணியரின் வழியாக வளரவில்லை. இராணுவத்தின் தேவையால் வளர்ந்தது. 1962 போருக்குப் பின் உயர்மலைகளில் நிலையாகப் படைகள் நிறுத்தப்பட்டன. 1969இல் மணாலியில் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2020இல் அது பாதுகாப்பு நில ஆய்வகத்துடன் இணைக்கப்பட்டு, சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாதுகாப்பு நிலவியல் தகவல் ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. அந்நிறுவன ஆய்வாளர்கள் மேற்கு இமயத்தை மூன்று பனிக்காலநிலை மண்டலங்களாகப் பிரித்தனர். பீர் பாஞ்சால் அடங்கிய கீழ் இமய மண்டலம் மிகுந்த பனிப்பொழிவும் மிதமான வெப்பமும் கொண்டது. ஈரப்பனி அங்கே பருவத்தின் தொடக்கத்திலேயே முகம் காட்டும். நடு இமய மண்டலம் இடைப்பட்டது. காரகோரத்தை உள்ளடக்கிய மேல் மண்டலம் கடுங்குளிரும் உலர்பனியும் கொண்டது. ஒரே நாட்டுக்குள் மூன்று வேறு கடிகாரங்கள் தேவை என்பதே இப்பிரிவின் பொருள்.

ஆனால் இமயத்தில் வேறொரு கேள்வியும் எழுகிறது. அது இயற்பியல் கேள்வியன்று. 1979 மார்ச்சில் லாகூல் பள்ளத்தாக்கில் பனிச்சரிவுகளால் 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2010 பிப்ரவரி 8 அன்று குல்மார்கின் கிலன்மார்கில், உயர்மலைப் போர்ப் பயிற்சியில் இருந்த 17 வீரர்கள் இறந்தனர். 2025 பிப்ரவரி 28 அன்று, கடும் பனிப்பொழிவின் நடுவே, உத்தரகாண்டின் மாணா அருகே எல்லைச் சாலைப் பணியாளர் முகாமின்மீது பனிச்சரிவு விழுந்து 54 தொழிலாளர் சிக்கினர். 8 பேர் இறந்தனர். நேரம், விடியற்காலை ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையே. அவர்கள் கொள்கலன் அறைகளில் இருந்தனர். சமோலி மாவட்டத்தின் உயர்பகுதிகளுக்கான பனிச்சரிவு எச்சரிக்கை முந்தைய மாலையே வெளியாகியிருந்தது.

இச்சரிவுகள் யாவும் ஒரே வகைப் பனியின் விளைவு என்று கொள்ளலாகாது. இறந்தவர்களின் நிலையே அவற்றை ஒன்றிணைக்கிறது. ஈரப்பனியைப் பற்றி ஸ்கீ பயணி கற்றுக்கொண்ட அனைத்தும் இறுதியில் ஒரே செயலில் முடிகின்றன: இன்று போகாதிருத்தல், அல்லது போனவன் உரிய நேரத்தில் திரும்புதல். இரவு உறையவில்லை என்று கண்டவன் படுக்கைக்குத் திரும்பலாம். முதல் பனிச்சக்கரம் உருண்டதும் கீழிறங்கலாம். அந்த உரிமை இருப்பதால்தான் உள்ளங்கைச் சோதனையும், மாலை வானமும், ஐந்து படி அளவீடும் அவனுக்கு அறிவாகின்றன. சாலை வெட்டுபவருக்கும், எல்லைக்காவலருக்கும், சரிவின் அடியில் வீடு உள்ளவருக்கும் நேரத்தைத் தேர்ந்துகொள்ளும் அவ்வுரிமை இல்லை. அவர்களுக்குத் தேவை கோவாஸ் தொகுத்த பழைய அறிவு: எங்கே தங்கக்கூடாது என்பது பற்றிய அறிவு. அந்த அறிவு முகாம் அமைப்பவரின் வரைபடத்தில் இடம்பெற வேண்டும். காலத்தைப் பற்றிய அறிவு, வெளியேறு என்று ஆணையிடும் அதிகாரம் உடையவரின் மேசைக்கு அன்று மாலையே வந்து சேரவேண்டும்.

கேப்டன் ஷ்மிட்டுக்கு நீளலைக் கதிர்வீச்சு பற்றிய சமன்பாடு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நீர்ச்செறிவின் விழுக்காடு அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. தலைக்குமேல் பனி ஏறுவதை அவர் கண்டார். அது போதுமானதாக இருந்தது. இல்லாதிருந்தது, பாசறையை நகர்த்தும் அதிகாரம். ஒரு நூற்றாண்டின் ஆய்வு அவர் கண்டதற்கு எண்களையும் விளக்கங்களையும் சேர்த்துள்ளது. எழுதியவரின் கடிதம் எத்தனை நாளில் ஆணையாகும் என்பதை அந்த எண்கள் மாற்றுவதில்லை. அதை மாற்றவேண்டியவை நிறுவனங்கள்.